ஊர்ச் சாலையில் வேகத்தடை

கிராமங்களுக்குத் தார்ச் சாலை வந்த பின்னர் வண்டிகளின் வேகமும் மிகுந்துவிட்டது. பள்ளிக்கூட வாயிலில் ஒரு குழந்தை அடிபட்டால், மறுநாளே ஊரார் கூடிக் கல்லும் சிமெண்டும் கொட்டிச் சாலைக்குக் குறுக்கே ஒரு திட்டு எழுப்பிவிடுகின்றனர். அவர்களது வேதனை எவரும் உணரத்தக்கதே. ஆயினும், அத்திட்டே புதிய விபத்துக்களுக்கு இடமாகிவிடுவதும் உண்டு. இருளில் அதைக் காணாது வரும் மோட்டார் சைக்கிளின் பின்னால் அமர்ந்தவர் தூக்கி எறியப்படுகிறார். பிரசவத்திற்குச் செல்லும் பெண் குலுக்கலால் பெருந்துன்பம் அடைகிறாள்.

குறை உயரத்தில் மட்டுமன்று, அகலத்திலும் இருக்கிறது. ஒரு முழ அகலத்தில் வெடுக்கென்று எழும் திட்டில், விரைந்து செல்லும் காரின் டயரும் ஸ்பிரிங்கும் அதிர்ச்சியைப் பெரிதும் வாங்கிக்கொள்கின்றன. மெதுவாகச் செல்பவருக்கே குலுக்கல் மிகுதி! நீண்டு தாழ்ந்த மேட்டிலோ வண்டி முழுதும் ஏறி இறங்க வேண்டியிருப்பதால், வேகம் கூடக் கூட ஓட்டுநருக்குத் தொல்லையும் கூடுகிறது.

இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 1988-இல் வெளியிட்ட விதிமுறை கூறிய மேடு இத்தகையதே. வண்டி செல்லும் திசையில் அதன் அகலம் 3.7 மீட்டர், நடு உயரம் 10 சென்டிமீட்டர். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் அதை இடரின்றிக் கடக்கலாம். கொத்தனாருக்குச் சொல்வதாயின், நடுவில் 10 சென்டிமீட்டர், அங்கிருந்து இரு புறமும் 1 மீட்டர் தள்ளி 7, ஒன்றரை மீட்டரில் மூன்றரை என்று உயரம் படிப்படியாகக் குறைந்து சாலையோடு கலந்துவிட வேண்டும். இவ்வளவுக்கு ஒரு மரப்பலகையை வளைவாக அறுத்து வைத்துக்கொண்டால் பிழை நேராது. மேடு சாலையோர மண்பகுதி வரை நீள்வதும் அவசியம். இல்லையேல் வண்டிகள் ஓரமாக ஒதுங்கி, நடந்து செல்வோர் மீது பாயும். மழைநீர் தேங்காது வடியவும் வழி வேண்டும்.

20 முதல் 30 மில்லிமீட்டர் உயரமுள்ள பட்டைகளை, சுமார் ஒரு மீட்டர் இடைவெளியில் வரிசையாக இடுவது மற்றொரு முறை. இவை ஓட்டுநரை எச்சரிக்குமேயன்றி வேகத்தைக் கட்டாயமாகக் குறைக்கமாட்டா. வீடுகளை ஒட்டி அமைத்தால் இரவில் எழும் ஓசை உறக்கத்தைக் கெடுக்கும்.

ஊர்ச் சாலை பெருஞ்சாலையைச் சந்திக்கும் முக்கில் மேட்டை எங்கே வைப்பது? பெருஞ்சாலையில் வைக்குமாறே ஊரார் கேட்பது வழக்கம். விதிமுறையோ, பெருஞ்சாலையின் விளிம்பிலிருந்து ஏறத்தாழ 5 மீட்டர் உள்ளே, ஊர்ச் சாலையில் வைக்கச் சொல்கிறது. இதுவே அறிவுடைய யோசனை. உள்ளிருந்து வருபவர் நின்று இரு புறமும் பார்த்துச் செல்வார்.

பஞ்சாயத்துத் தீர்மானம் நிறைவேற்றுமுன், சாலை பஞ்சாயத்தினுடையதா, யூனியனுடையதா, நெடுஞ்சாலைத் துறையினுடையதா என்று அறிந்து, உரியவரிடம் எழுத்து மூலம் அனுமதி பெறுதல் வேண்டும். செலவுக் கணக்கில் 40 மீட்டருக்கு முன்பே நடவேண்டிய எச்சரிக்கைப் பலகையையும், மேட்டின் மீது கறுப்பு வெள்ளைப் பட்டைகள் தீட்டும் வண்ணத்தையும் சேர்த்துக்கொள்க. வண்ணம் ஒரு மழைக்காலத்திலேயே மங்கக்கூடும். மீண்டும் தீட்டுவதற்கும் இப்பொழுதே பணம் ஒதுக்கி வைப்பது நன்று.