அரை டிரெய்லரின் தாங்குகால்களும் பிரேக்கும்

அரை டிரெய்லர் என்பது முன்பக்கம் அச்சும் சக்கரங்களும் இல்லாத சரக்கு வண்டி ஆகும். இழுவை லாரியிலிருந்து பிரித்ததும் அதன் முன்பாரத்தைத் தாங்குகால்கள் சுமக்கின்றன. பழைய வண்டிகள் பலவற்றில் இக்கால்களின் அடியில் சிறு சக்கரங்கள் இருந்தன. இன்று பெரும்பாலும் தட்டையான பாதங்கள் உள்ளன.

ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1872இல் தொடர்வண்டிக்கு உருவாக்கிய தானியங்கி காற்று பிரேக், குழாயில் அழுத்தம் குறைந்தால் தானே பிடித்தது. இக்கொள்கை பின்னர் டிரெய்லர்களுக்கும் வந்தது. ஆனால், கலனில் சேமித்த காற்றால் பிடிக்கும் பிரேக், நிறுத்திய வண்டியில் காற்று கசிந்து தீர்ந்ததும் விடுபட்டுவிடும். எனவே சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டியிருந்தது. அடுத்து வந்த சுருள்வில் பிரேக்கில் காற்றழுத்தம் வில்லை அழுத்தி வைத்திருக்கிறது. காற்று தீர்ந்தால் வில் விரிந்து பிரேக்கைப் பிடிக்கிறது. சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ், 1998 மார்ச் முதல் அமெரிக்காவில் புதிய காற்று பிரேக் டிரெய்லர்களுக்குக் கட்டாயமானது.