போரைத் தடுத்த வீரர்

ஜப்பானின் தலைநகரான டோக்கியோவில், சுமிதா நதிக்கு அருகே ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. அது காட்ஸு கைஷூ என்னும் சாமுராயின் உருவம். அவர் 1823-ம் வருஷம் அவ்வட்டாரத்தில் பிறந்தவர். சிலை நிறுவப்பட்டது 2003-ல். போரில் வென்றோருக்குச் சிலை எழுப்புவது உலக வழக்கம். இவருடைய பெரும் புகழோ ஒரு போரை நடவாமல் தடுத்ததனால் வந்தது.

காட்ஸு ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். டச்சு பாஷை கற்க அகராதி வாங்கப் பணமில்லை. ஒன்றை வாடகைக்குப் பெற்று, இரண்டு பிரதிகள் கைப்பட எழுதினார். ஒன்றை விற்று வாடகையைத் தீர்த்தார். அந்தக் கல்வியே அவரைக் கப்பற்படைத் தலைவராக்கியது. 1860-ல் கான்ரின் மாரு என்னும் கப்பலில் அமெரிக்கா சென்று திரும்பினார்.

1868-ல் உள்நாட்டு யுத்தம் மூண்டது. சுமார் 260 ஆண்டுகள் ஆண்ட டோக்குகாவா வம்சத்தை ஒழிக்கச் சக்கரவர்த்தியின் சேனை எடோ நகரை நெருங்கிற்று. இன்றைய டோக்கியோவே அன்றைய எடோ. சுமார் பத்து லட்சம் ஜனங்கள் வாழ்ந்த நகரம். முன்னரே பிரெஞ்சு ஸ்தானீகர் உதவுவதாகச் சொல்லி, எதிர்த்துப் போரிடும்படி ஷோகுனைத் தூண்டினார். ஷோகுன் யோஷினோபு இணங்கவில்லை. அந்நியன் துணையுடன் சகோதரரைக் கொன்றால் மிஞ்சுவது அடிமைத்தனமே அல்லவா?

யாமவோகா டெஷ்ஷூ என்ற வீரர் பகைவர் அணிகளைக் கடந்து, சுன்பு நகரிலிருந்த சேனாதிபதி சைகோ டகமோரியைக் கண்டு வழி திறந்தார். ஏப்ரல் 5, 6 தேதிகளில் காட்ஸுவும் சைகோவும் நேரில் பேசினர். மறுநாள் நடக்கவிருந்த தாக்குதல் நிறுத்தப்பட்டது. யோஷினோபுவின் உயிர் காக்கப்பட்டது. மே 3-ல் எடோ கோட்டை போரின்றிக் கைமாறியது.

சண்டை அத்துடன் முற்றிலும் ஓயவில்லை. ஜூலையில் எடோவின் உவேனோ பகுதியில் ரத்தம் சிந்தியது. வடக்கே 1869 வரை யுத்தம் நீடித்தது. எதிர்க்காமல் பணிந்தார் என்று காட்ஸுவைக் குறை கூறியோரும் உண்டு. அதே கப்பலில் அமெரிக்கா சென்ற அறிஞர் ஃபுகுஸாவா யுகிச்சியே பிற்காலத்தில் அவ்வாறு எழுதினார்.

சைகோ 1877-ல் புதிய அரசை எதிர்த்துக் கலகம் செய்து மாண்டார். ராஜத்துரோகி எனப்பட்ட அந்நண்பருக்கு, மன்னிப்பு வருமுன்பே, காட்ஸு நினைவுக் கல் நாட்டினார். அக்கல் இன்று டோக்கியோவின் சென்ஸோகு குளக்கரையில் காட்ஸுவின் சமாதியருகே இருக்கிறது.

வாளை உருவுவதற்கு ஒரு கணத்துக் கோபம் போதும். சொந்தக் கட்சியாரின் நிந்தையை ஆயுள் முழுதும் சுமந்து சமாதானம் செய்வதற்கோ அதனினும் பெரிய வீரம் வேண்டும். நம் குழந்தைகளுக்கு அவ்வீரத்தின் கதைகளையும் சொல்வோமாக.