மேற்பார்வையாளருக்கும் பாதுகாப்புப் பயிற்சி தேவை

மாக் மண்டின் தொழிற்பேட்டையில் பல ஆண்டுகள் உழைத்து, மேற்பார்வையாளராக உயர்ந்தவர்களில் நீங்களும் ஒருவராக இருக்கலாம். உங்கள் மகனோ மகளோ இன்று அந்தப் பொறுப்பில் இருக்கலாம். ஒரு வேலையை நன்றாகச் செய்யத் தெரிவது வேறு. பிறரை ஆபத்தின்றி வேலை வாங்கத் தெரிவது வேறு. இரண்டாவதற்குப் பயிற்சி வேண்டும்.

ஏன் பயிற்சி?

இயந்திரத்தில் ஏதோ சிக்கிக்கொள்கிறது. அனுபவமுள்ளவர் அதை நிறுத்தாமலேயே கைவிட்டு எடுத்துவிடுகிறார். பக்கத்தில் நிற்கும் புதிய தொழிலாளி அதையே சரியான முறை என்று கற்றுக்கொள்கிறார். மறுநாள் அவருடைய விரல் போகிறது.

இயந்திரத்தை நிறுத்துவது மட்டும் போதாது. மறுபக்கம் இருப்பவர் தெரியாமல் விசையைத் தட்டிவிடலாம். மின்சாரத்தைத் துண்டித்து, விசைக்குப் பூட்டுப் போட்டு, சாவியைப் பழுதுபார்ப்பவரே வைத்திருக்க வேண்டும். இதைச் சொல்லிக் கொடுப்பதும், தவறாமல் நடக்கிறதா என்று கவனிப்பதும் மேற்பார்வையாளரின் கடமை.

சட்டம் என்ன சொல்கிறது?

1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் திருத்தப்பட்டு, 1.6.2024 முதல் நடப்பில் உள்ளது.

• பாதுகாப்பு அதிகாரியை நியமிக்கும் கட்டாயம் இல்லாத நிறுவனத்திலும், ஐந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்தால், அவர்களில் ஒருவரைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக முதலாளி நியமிக்க வேண்டும்.
• வேலையிலுள்ள ஆபத்துகளை முதலாளி முன்கூட்டியே மதிப்பிட வேண்டும்.
• உயிருக்கோ உடலுக்கோ உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம்.
• முதலாளி தமது கடமையில் தவறினால், அபராதம் 5,00,000 ரிங்கிட் வரை போகலாம். முன்பு இது 50,000 ரிங்கிட்டாக இருந்தது.

சட்டப்படி கொடுக்க வேண்டிய பாதுகாப்புக் கருவிகளுக்குத் தொழிலாளியிடம் பணம் பிடிக்கக் கூடாது.

மேற்பார்வையாளர் செய்ய வேண்டியவை

• வேலை தொடங்குமுன் அன்றைய ஆபத்துகளை எல்லாருக்கும் புரியும் மொழியில் சொல்லுங்கள். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள்.
• "பயமாக இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் திட்டாதீர்கள். வேலையை நிறுத்திப் பாருங்கள்.
• மயிரிழையில் தப்பிய சம்பவத்தையும் எழுதி வையுங்கள். அடுத்த விபத்தைத் தடுக்க அது உதவும்.

60 வயதைத் தாண்டியும் வேலை செய்கிறீர்களா?

வேலையிட விபத்துக்கான சொக்சோ பாதுகாப்பு உங்களுக்கும் உண்டு. அதற்கான சந்தாவை முதலாளி கட்ட வேண்டும். உங்கள் பெயரில் கட்டப்படுகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அடிபட்டால், சிறு காயம்தானே என்று மறைக்காமல் உடனே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள். தகவல் கிடைத்த 48 மணி நேரத்திற்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

உங்கள் அனுபவம் இளையவர்களுக்கு வழிகாட்டி. அதோடு பயிற்சியும் சேர்ந்தால், காலையில் வேலைக்குப் போனவர் மாலையில் நலமாக வீடு திரும்புவார்.