துலுத் எழுத்துமுறை

துலுத் என்பது அரபு வனப்பெழுத்தின் செவ்வியல் வடிவங்களுள் ஒன்றாகும். பள்ளிவாசல் முகப்புகள், கல்வெட்டுகள், நூல் தலைப்புகள் ஆகியவற்றில் பெரிய எழுத்தாக எழுத இது பயன்படுகிறது. கஅபாவைப் போர்த்தும் கிஸ்வா துணியில் பொன், வெள்ளி இழைகளால் தைக்கப்படும் திருக்குர்ஆன் வசனங்களும், சவூதி அரேபியக் கொடியின் வாசகமும் இவ்வெழுத்தில் அமைந்தவை. அரபியில் 'துலுத்' என்றால் மூன்றில் ஒரு பங்கு. இப்பெயருக்குப் பல விளக்கங்கள் உள்ளன.

கொடிபோல் வளைந்து பின்னிக் கிடந்தாலும், இவ்வெழுத்தில் மனம்போன போக்கில் இழுத்த கோடு எதுவும் இல்லை. சாய்வாகச் சீவிய நாணல் பேனாவைத் தாளில் அழுத்தி இழுத்தால் சாய்சதுரமாக ஒரு புள்ளி விழும். அந்தப் புள்ளியே அளவுகோல். 'அலிஃப்' எழுத்தின் உயரம் துலுத்தில் பொதுவாக ஏழு புள்ளிகள். அலிஃபை விட்டமாகக் கொண்ட வட்டத்தை ஒட்டி மற்ற எழுத்துகளின் வளைவுகள் அமையும். பேனாவின் முனை அகன்றால் புள்ளி பெரிதாகும். எழுத்தும் அதே விகிதத்தில் வளரும்.

இந்த விகிதமுறையை வகுத்தவராகக் கருதப்படுபவர் பக்தாதின் இப்னு முக்லா. அப்பாசியக் கலீஃபாக்கள் மூவரிடம் அமைச்சராக இருந்த இவர், அரசியல் பகையால் வலக்கை வெட்டப்பட்டு 940இல் சிறையில் இறந்தார். வெட்டுண்ட கையில் பேனாவைக் கட்டிக்கொண்டு எழுதினார் என்று பழைய வரலாறுகள் கூறுகின்றன. அவர் எழுதியதென உறுதியாகக் கூறத்தக்க ஏடு ஒன்றுகூட இன்று இல்லை. ஆனால் அவர் வகுத்த அளவு அழியவில்லை. இப்னுல் பவ்வாப், யாகூத் அல்-முஸ்தஃஸிமி ஆகியோர் அதைச் செம்மைப்படுத்தினர். பின்னர் உதுமானியப் பேரரசில் இக்கலை உச்சம் அடைந்தது. சுவரளவு பெரிதாக எழுதும்போது பழைய விகிதம் அழகு குன்றித் தெரிந்தது. அதைச் சரிசெய்தவர் முஸ்தஃபா ராகிம் (இறப்பு 1826). இஸ்தான்புல் ஹாகியா சோபியாவில் தொங்கும் எட்டு வட்டப் பலகைகள் ஒவ்வொன்றும் சுமார் 7.5 மீட்டர் விட்டமுடையவை. அவற்றை எழுதியவர் முஸ்தஃபா இஸ்ஸத்.

மாணவர் ஆசிரியரின் வரிகளைப் பல ஆண்டுகள் பார்த்தெழுதிப் பழக வேண்டும். 'இஜாஸா' எனும் அனுமதி பெற்ற பின்னரே தம் எழுத்தின்கீழ் பெயரிடலாம் என்பது மரபு.

இந்தியாவில் துலுத்தைக் காணச் சிறந்த இடம் தாஜ்மகால். வெண்பளிங்கில் கருங்கல் பதித்த அதன் வசனங்களை எழுதியவர் ஷீராஸ் நகரிலிருந்து வந்த அமானத் கான். அவருடைய கையொப்பம் அங்கே இருக்கிறது. கட்டடத்தை வடிவமைத்தவரின் கையொப்பம் இல்லை.