விசுவாசத்தினாலே – 9: பெயர் எழுத விட்ட இடம்

எர்ஃபர்ட் நகரத்து அகுஸ்தினார் மடத்தில் 1505 ஜூலையில் சேர்ந்த மார்ட்டின் லூத்தர், ஓயாமல் பாவசங்கீர்த்தனம் செய்தும் மனச்சமாதானம் காணாமல் தவித்ததும், அவருடைய மேலாளரான ஸ்டௌபிட்ஸ் அவர் பார்வையைக் கிறிஸ்துவின் காயங்கள் பக்கம் திருப்பியதும் சென்ற இதழில் சொல்லப்பட்டன. இவ்வாரம் ரோமருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் முதல் அதிகாரம் பதினேழாம் வசனம் ஆராயப்படும் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. ஆயினும், அவ்வசனம் ஒரு துறவியின் உள்ளத்தில் ஏன் அத்தனை பெரிய விடுதலையாக இறங்கியது என்பது விளங்க வேண்டுமானால், அவர் காலத்துப் பொதுமக்கள் தங்கள் இரட்சிப்பின் உறுதியை எங்கே தேடினார்கள் என்பதை முதலில் பார்த்தாக வேண்டும். அதைக் காட்டுவதற்கு ஒற்றைத் தோல்தாள் ஒன்று போதுமானதாக இருக்கிறது.

ஐரோப்பாவில் அசையும் உலோக எழுத்துகளைக் கோத்து அச்சிட்டவற்றுள், நாள் குறிப்புடன் இன்று எஞ்சியிருக்கும் மிகப் பழைய சான்று, பலரும் எண்ணுவது போல வேதாகமம் அன்று. அது ஒரு பாவமன்னிப்புச் சீட்டு. மைன்ஸ் நகரில் 1454-ஆம் ஆண்டு அச்சான இந்தச் சீட்டு, முப்பத்தொரு வரிகள் கொண்ட லத்தீன் படிவம். குட்டன்பர்க் பெயரால் வழங்கும் வேதாகமத்தின் தாள்கள் அதே நகரில் அச்சாகிக்கொண்டிருந்த மாதங்களிலேயே இதுவும் அச்சாகியிருக்கிறது. கிடைத்துள்ள படிகளுள் முந்தியது 1454 அக்டோபர் 22 என்னும் நாளைத் தாங்கி நிற்கிறது. அது வழங்கப்பட்ட ஊரோ எர்ஃபர்ட். ஐம்பத்தோர் ஆண்டுகளுக்குப் பின் எந்த நகரின் மடத்தில் ஓர் இளைஞர் தம் பாவங்களை எண்ணி எண்ணிச் சோர்ந்தாரோ, அந்த நகரின் வீடொன்றில் மன்னிப்பு அச்செழுத்தில் வந்து சேர்ந்துவிட்டிருந்தது. விசுவாசத்தினால் வரும் இரட்சிப்பின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் 1517-இல் தொடங்குவதால், இந்த 1454-க்கு உரிய இடம் கிடைப்பதில்லை, அது பெருங்குறையே.

அந்தச் சீட்டு அச்சானதற்கு உடனடிக் காரணம் போர். துருக்கியரின் அச்சுறுத்தலுக்கு ஆளாகியிருந்த சைப்ரஸ் அரசைக் காக்கப் பொருளுதவி செய்வோருக்கு, 1452 மே முதல் மூன்றாண்டுகளுக்குப் பாவமன்னிப்புச் சலுகையைப் பாப்பரசர் ஐந்தாம் நிக்கோலாஸ் அளித்திருந்தார். இடையில், 1453 மே மாதத்தில், கான்ஸ்டாண்டிநோபிளும் வீழ்ந்துவிட்டது. சலுகைக்காலம் 1455 ஏப்ரல் 30-உடன் முடிவதாயிருந்தது, கேட்போரோ ஆயிரக்கணக்கில் இருந்தனர். ஒவ்வொரு சீட்டையும் எழுத்தர் கையால் எழுதிக் கொடுப்பது இயலாத அந்த நெருக்கடியில், அச்சுக்கலை தன் முதல் பெரும் பயன்பாடுகளுள் ஒன்றைக் கண்டடைந்தது. வட்டாட்சியர் அலுவலகத்துப் படிவத்தில் விண்ணப்பதாரர் பெயருக்குக் கோடு விட்டிருப்பது போல, இந்தத் தாளிலும் வாசகம் முழுவதும், ஆண்டு உட்பட, அச்சில் நிற்க, பெயருக்கும் ஊருக்கும் நாளுக்கும் மட்டும் இடம் விடப்பட்டது. ஆண்டு மாறியபோது அச்சுக்கோப்பவர் அந்த ஓர் எண்ணை மாற்றியமைத்துவிட்டு 1455-க்கும் சீட்டுகளைத் தொடர்ந்து அச்சிட்டார்.

தாளின் அடிப்பகுதியில் இரண்டு மன்னிப்பு வாசகங்கள் தனித்தனித் தலைப்புகளுடன் அச்சாகியுள்ளன. முதலாவது, உயிரோடிருக்கும் காலத்தில் ஒருமுறை முழுமையான மன்னிப்பு அளிப்பதற்குரியது. இரண்டாவது, மரணத் தறுவாயில் ஒருமுறை அளிப்பதற்குரியது. சீட்டை உடையவர், தாம் தெரிந்துகொண்ட எந்தக் குருவிடமும் அதை எடுத்துச் சென்று, பாவசங்கீர்த்தனம் செய்து, அவ்வாசகத்தைத் தம்மீது சொல்லச் செய்யலாம். ஆகவே இந்தத் தாள் வாங்கிய அன்றே பயன்பட்டுத் தீர்ந்துவிடுவதில்லை. சாகும் நாளுக்கென்று வீட்டில் பத்திரப்படுத்தி வைக்கப்பட வேண்டியது. அத்தகைய தாளை வாங்கியவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்குவது எளிது, நியாயமன்று. கடவுள் தன்னை ஏற்றுக்கொண்டார் என்பதற்குத் தன் பெயரிட்ட ஓர் உறுதி வேண்டும் என்னும் ஏக்கமே அவர்களை அங்கே நிறுத்தியது. அதே ஏக்கத்தை அகுஸ்தினார் மடத்திலும் காணலாம்.

இங்கே கோட்பாட்டைச் சற்று விளக்க வேண்டும். மத்தியகால மேற்குத் திருச்சபையின் போதனைப்படி, பாவத்துக்கு இருவகை விளைவுகள் உண்டு. ஒன்று, குற்றப்பழியும் அதற்குரிய நித்திய தண்டனையும். மற்றது, குற்றம் மன்னிக்கப்பட்ட பின்னும் இம்மையிலோ, இறந்தோரின் ஆன்மாக்கள் தூய்மை பெறும் நிலையாகிய உத்தரிக்கிற ஸ்தலத்திலோ அனுபவித்துத் தீர்க்க வேண்டிய, காலவரையறையுள்ள தண்டனை. முன்னதைப் பாவசங்கீர்த்தனத்தில் குரு அளிக்கும் மன்னிப்பு நீக்குகிறது. பின்னதைக் குறைக்கவோ முற்றிலும் நீக்கவோ திருச்சபை அளிக்கும் சலுகையே 'பலன்' எனப்படும். கிறிஸ்துவும் புனிதர்களும் ஈட்டிய பேறுகள் திருச்சபையின் பொறுப்பில் ஒரு கருவூலமாக உள்ளன என்று 1343-இல் பாப்பரசர் ஆறாம் கிளமென்ட் வரையறுத்தார். 1476-இல் நான்காம் சிக்ஸ்டஸ் அச்சலுகையை இறந்தோரின் ஆன்மாக்களுக்கும் நீட்டித்தார். பணம் கொடுத்த மாத்திரத்தில் குற்றமே நீங்கும் என்பது ஒருபோதும் அதிகாரபூர்வமான போதனையாக இருந்ததில்லை. ஆனால் சந்தைவெளியில் நிற்கும் மனிதர் குற்றத்துக்கும் தண்டனைக்கும் இடையிலுள்ள அந்த நுண்ணிய வேறுபாட்டைப் பற்றிக்கொண்டா நின்றிருப்பார்?

மைன்ஸ் நகரின் பெயர் அறுபதாண்டுகளுக்குப் பின் மீண்டும் இக்கதையில் வருகிறது. பிராண்டன்பர்க் அரச குடும்பத்து ஆல்பிரெக்ட், ஏற்கெனவே மாக்டபர்க்கின் பேராயராக இருந்தும், 1514-இல் மைன்ஸின் பேராயராகவும் ஆனபோது அவருக்கு வயது இருபத்துநான்கு. இரண்டு பேராயப் பதவிகளை ஒருவரே வகிப்பதற்கு ரோமாபுரிக்குச் செலுத்த வேண்டியிருந்த பெருந்தொகைக்காக, அவர் ஆக்ஸ்பர்க்கின் ஃபுகர் வணிகக் குடும்பத்திடம் கடன் வாங்கினார். பாப்பரசர் பத்தாம் லியோ 1515-இல் வழங்கிய ஆணைப்படி, புனித பேதுரு பேராலயக் கட்டுமானத்துக்கென அறிவிக்கப்பட்ட பலன் விற்பனையின் வருவாயில் ஒருபாதி ரோமாபுரிக்கும் மறுபாதி அக்கடனுக்கும் சென்றது. ஆல்பிரெக்டின் பெயரால் வெளியான கையேடு, மன்னர்களும் ஆயர்களும் 25 ரைன் குல்டன் பொற்காசுகள், பிரபுக்கள் 10, வணிகர்கள் 3, எளிய தொழிலாளர் 1 அல்லது அரை என்று படிநிலை வகுத்தது. ஒன்றுமில்லாதோர் ஜெபத்தாலும் உபவாசத்தாலும் பெறலாம் என்றும் சேர்த்தது. இறந்தவர்களுக்காகச் சீட்டுப் பெறுவோருக்கு மனஸ்தாபமோ பாவசங்கீர்த்தனமோ தேவையில்லை என்றும் அதே கையேடு கூறியது. லூத்தர் பணியாற்றிய விட்டன்பர்க் நகரத்தார் எல்லை தாண்டி யூட்டர்போக்குக்குச் சென்று தொமினிக்கன் துறவி டெட்சலிடம் வாங்கிவந்த சீட்டுகளின் பின்னணி இதுவே.

ஆல்பிரெக்ட் விரும்பித் தங்கிய நகரம் ஹாலே. புனிதப் பண்டங்களின் மாபெரும் தொகுப்பொன்றை அவர் அங்கே சேர்த்துவைத்து, அதை வணங்க வருவோருக்கும் பலன்கள் உண்டென்று அறிவித்திருந்தார். கடன்சுமை முற்றி 1541-இல் அவர் அந்நகரை விட்டு நீங்க, அங்கே சீர்திருத்தம் வேரூன்றியது. இந்த ஹாலேயில்தான் லூத்தரன் போதகர் ஃபிராங்கே தம் கல்வி நிறுவனங்களைப் பிற்காலத்தில் நிறுவினார். அங்கே பயின்ற மிஷனரி சீகன்பால்கு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். ஹாலேயில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713-இல் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன. அவை அளவில் பெரியவையாக இருந்து தாளை விழுங்கியதால், சிறிய எழுத்துகள் தரங்கம்பாடியிலேயே வார்க்கப்பட்டன. 1714-இல் நற்செய்தி நூல்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715-இல் முழுப் புதிய ஏற்பாடும் அச்சேறின. பெயரிட்ட சீட்டு மன்னிப்பின் உறுதியைச் சுமந்த காலம்போய், யாரும் படித்துணரத்தக்க புத்தகம் அதைச் சுமக்கும் காலம் வந்ததற்குத் தமிழ்நாட்டின் இக்கடற்கரையும் சாட்சி. தரங்கம்பாடி அச்சகம் இத்தொடரில் தனியாகவே எழுதப்பட வேண்டியது.

லூத்தர் 1517 அக்டோபர் 31 அன்று தம் தொண்ணூற்றைந்து வாதங்களை அனுப்பியது, இதே ஆல்பிரெக்டுக்குத்தான். அவ்வாதங்களில் விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் என்னும் போதனை இன்னும் முழு உருவம் பெறவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். அவற்றின் மையம் மனந்திரும்புதல். எனினும் முப்பத்திரண்டாம் வாதம் சீட்டின் அடிநரம்பையே தொடுகிறது: சீட்டு தம்மிடம் இருப்பதால் தம் இரட்சிப்பு உறுதி என நம்புவோரை அது கடுமையாக எச்சரிக்கிறது. உண்மையாக மனந்திரும்பிய கிறிஸ்தவருக்குச் சீட்டு இல்லாமலே முழு மன்னிப்பும் உரியது என்பது முப்பத்தாறாம் வாதத்தின் கருத்து.

அப்படியானால் உறுதிக்கு எங்கே போவது? இக்கேள்விக்கு விடை தெளிவாக வெளிப்பட்ட இடம், பலரும் விரைந்து கடந்துபோகும் ஓர் உரையாடல். 1518 அக்டோபரில், ஆக்ஸ்பர்க்கில், பாப்பரசரின் தூதரான கர்தினால் கயெத்தான் லூத்தரை மூன்று நாட்கள் விசாரித்தார். அவர் திரும்பப்பெறச் சொன்னவை இரண்டு. ஒன்று, பேறுகளின் கருவூலம் பற்றியது. மற்றது, ஏழாம் வாதத்துக்கு லூத்தர் எழுதிய விளக்கம்: குரு சொல்லும் மன்னிப்பின் வார்த்தை கிறிஸ்துவின் வாக்குத்தத்தம் ஆகையால், அது தனக்கே உரியதென்று ஒருவர் உறுதியாக விசுவாசிக்க வேண்டும்; அந்த விசுவாசமே அதைப் பெற்றுக்கொள்ளும் கரம். மன்னிப்பு நிச்சயமானதே; ஆனால் தான் அதைப் பெறத் தகுந்த நிலையில் இருக்கிறேனா என்பதில் மனிதர் எப்போதும் ஐயத்தோடுதான் இருக்க இயலும் என்பது கயெத்தானின் நிலை. லூத்தரின் கூற்றை ஏற்பது புதிய திருச்சபையொன்றைக் கட்டுவதாகும் என்றே அவர் எழுதினார். இரு தரப்பாருள் எவரையும்விட அவரே விவகாரத்தின் ஆழத்தை முதலில் கண்டவர் என்று கூறத் தோன்றுகிறது.

தாளில் பெயர் எழுத விட்ட இடத்துக்கு லூத்தர் அளித்த பதில் இங்கே இருக்கிறது. கிறிஸ்து மரித்தார் என்று அறிவது வரலாற்றறிவு. எனக்காக மரித்தார் என்று நம்பி அவர்மேல் சார்ந்துகொள்வதே இரட்சிக்கும் விசுவாசம் என்று அவர் பின்னாளில் திரும்பத் திரும்பப் போதித்தார். சீட்டு வாங்கியோர் தேடிய அந்த 'எனக்காக' என்பதை அவர் தள்ளிவிடவில்லை. எழுத்தரின் பேனாவிலிருந்து அதை எடுத்து, கேட்கப்படும் நற்செய்தியிலும் கேட்பவரின் நம்பிக்கையிலும் வைத்தார். நற்செயல்கள் வேண்டாம் என்று அவர் சொன்னதாக இன்றும் பரவலாக நிலவும் கருத்து தவறானது. கடவுள் தன்னை ஏற்றுக்கொள்வாரோ என்னும் அச்சம் நீங்கிய மனிதரே பிறருக்காகத் தாராளமாக உழைக்க முடியும் என்பதே அவர் வாதம்.

லூத்தர் ஆக்ஸ்பர்க்கில் தங்கியது புனித அன்னாள் ஆலயத்தை ஒட்டிய கார்மேல் மடத்தில். ஃபுகர் குடும்பத்தாரின் கல்லறைச் சிற்றாலயமும் அதே ஆலயத்தில்தான் உள்ளது. அக்குடும்பத்தின் யாக்கோபு ஃபுகர் 1521-இல் ஏழைகளுக்கென நிறுவிய ஃபுகரெய் குடியிருப்பு அந்நகரில் இன்றும் இயங்குகிறது. ஆண்டு வாடகை ஒரு யூரோவுக்கும் குறைவு, குடியிருப்போர் நாள்தோறும் நிறுவியவரின் குடும்பத்துக்காக ஜெபிக்க வேண்டும் என்பது நிபந்தனை. அப்பெரும் செல்வரும் தம் ஆன்மாவுக்குப் பிறருடைய ஜெபத்தின் துணை வேண்டுமென்று எண்ணியவரே. பலன் விற்பனையைப் பொறுத்தவரை, கத்தோலிக்கத் திருச்சபை 1562-இல் திரெந்து சங்கத்தில் பலன் வசூலிப்போர் பதவியையே நீக்கியது. 1567-இல் ஐந்தாம் பயஸ் பணம் சார்ந்த பலன்களை ரத்து செய்தார். இறுதியில் 1999 அக்டோபர் 31 அன்று, அதே புனித அன்னாள் ஆலயத்தில், லூத்தரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்கத் திருச்சபையும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டு, மனிதர் தம் தகுதியால் அல்லாமல் கிருபையால், கிறிஸ்துவின் மீட்புச்செயலில் வைக்கும் விசுவாசத்தினால் கடவுளால் ஏற்றுக்கொள்ளப்படுகிறார் என்பதைச் சேர்ந்து அறிக்கையிட்டன.

ரோமர் 1:17 ஆகவே அடுத்த இதழுக்குச் செல்கிறது. அவ்வசனத்தின் பொருள் தமக்குத் திறந்ததைப் பற்றி லூத்தர் 1545-இல், தம் மரணத்துக்கு முந்தைய ஆண்டில், தம் லத்தீன் நூல்தொகுதிக்கு எழுதிய முன்னுரையில் நினைவுகூர்ந்தார். அந்தத் திறப்பு 1517-க்கு முன்னரா, கயெத்தானைச் சந்தித்த காலத்தை ஒட்டியா என்பதில் அறிஞர்கள் இன்னும் பிரிந்து நிற்பதால், விளக்கத்தை அந்த முன்னுரையிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும்.