இருபது ரூபாய்த் தண்ணீரும் இரண்டு நாள் விருந்தாளியும்



நமது பேரன் சென்னையில் பொறியியல் படிக்கிறான். மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் ஜெர்மனியிலிருந்து அவன் கல்லூரிக்கு ஆறு மாதப் படிப்புக்காக வந்திருக்கும் மாணவி ஒருவர், சென்ற மாதம் ஒரு சனி, ஞாயிறு செங்கல்பட்டில் நமது இல்லத்தில் தங்கி மாமல்லபுரம் பார்த்துச் சென்றார். மயிலாப்பூர், சாந்தோம், எழும்பூர் அருங்காட்சியகம் எல்லாம் முந்தைய வாரங்களில் முடிந்துவிட்டதாம். வார விடுமுறை வந்தால் இவர்கள் விடுதியில் தங்குவதில்லை. தோளில் ஒரு பை, கையில் ஒரு குறிப்பேடு, கிளம்பிவிடுகிறார்கள். வந்த சிறிது நேரத்திலேயே நம்மைத் தாத்தா என்று அழைக்கக் கற்றுக்கொண்டார்.

கார் ஏற்பாடு செய்கிறோம் என்றோம். பேருந்தே போதும் என்றார். திருக்கழுக்குன்றத்தில் இறங்கி வேதகிரீசுவரர் மலையைக் காட்டினோம். நம் இளமையில் உச்சி வேளைக்கு இரண்டு கழுகுகள் வந்து பிரசாதம் உண்டு செல்லும். இப்போது அவை வருவதில்லை என்றபோது அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

மாமல்லபுரம் 1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த ஊர். ஐந்து ரதங்களும் கடற்கரைக் கோயிலும் பார்க்க நமக்கு 40 ரூபாய்ச் சீட்டு, வெளிநாட்டவருக்கு 600 ரூபாய். 2018இல் ஏற்றிய கட்டணம் இது. நமக்கே சங்கடமாக இருந்தது. அவரோ பலகையைப் படித்துவிட்டு, முகம் கோணாமல் பணத்தை எடுத்து நீட்டினார்.

அர்ச்சுனன் தபசுப் பாறை முன் வெகுநேரம் நின்றார். யானைகளைப் பார்த்து முடித்தவர், யானையின் அருகே ஒற்றைக் காலில் நின்று தவம் செய்யும் பூனையையும் அதைச் சுற்றி நம்பிக்கையோடு நிற்கும் எலிகளையும் காட்டி, இது என்ன என்றார். பொய்த்தவம் செய்து எலி பிடிக்கும் பூனையின் கதையைப் பேரன் சொன்னான். மாணவி விழுந்து விழுந்து சிரித்தார்.

அதற்குப் பிறகுதான் அந்தத் தண்ணீர் விவகாரம். வெயிலுக்கு மூன்று பாட்டில் வாங்கப் பேரனும் அவரும் ஒரு சிறு கடைக்குப் போனார்கள். கால்வலியால் நாம் வெளியே நிழலில் நின்றிருந்தோம். கடைக்காரர் 90 ரூபாய் கேட்டிருக்கிறார். மாணவி பாட்டிலைத் திருப்பி, அதிகபட்ச சில்லறை விலை 20 என்று அச்சடித்திருந்ததை விரலால் காட்டினார். "கூலிங் சார்ஜ்" என்றார் கடைக்காரர். மாணவி சண்டை போடவில்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். திரும்பிப் பார்த்த கடைக்காரர் நம்மைக் கண்டதும் கல்லாவைத் துடைக்க ஆரம்பித்தார். அவர் நம்மிடம் சரக்கு எடுப்பவர்!

600 ரூபாய் கொடுத்தவர் 30 ரூபாய்க்கு ஏன் முகம் சுளித்தார் என்று இரவு சாப்பாட்டின்போது கேட்டோம். சீட்டின் விலை பலகையில் இருந்தது, பாட்டிலின் விலையும் பாட்டிலில் இருந்தது, தாத்தா என்றார். சிற்பக் கடையில் ஒரு கல் ஆமைக்கு அரைமணி நேரம் பேரம் பேசியது அவருக்கு மகிழ்ச்சிதான். அங்கே விலை எழுதியிருக்கவில்லை. பிறகு குறிப்பேட்டைக் காட்டினார். ஒவ்வொரு வாரச் செலவும் வரிசையாக இருக்கிறது. இளநீர் விற்ற அம்மையார் மீதிச் சில்லறையைத் துரத்தி வந்து கொடுத்தது ஒரு வரி. அதற்கு அடுத்த வரி: "தண்ணீரைக் கையோடு கொண்டு போகவும்." விடுதியில் அடுத்து வருபவர்கள் இதைப் படித்துவிட்டுத்தான் கிளம்புவார்களாம்.

சட்டம் நாம் அறியாததல்ல. சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த பொட்டலப் பொருட்கள் விதிகளின்படி, அச்சிட்ட விலைக்கு மேல் சில்லறை வியாபாரி விற்கக் கூடாது. ஓட்டல்காரர்கள் மட்டும் வாங்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது உண்மைதான். ஆனால் அங்கே மேசை, நாற்காலி, பரிமாறும் ஆள் எல்லாம் சேர்த்துத்தான் விலை. நம் கடை வாசலில் நின்று குடிப்பவருக்கு நாம் என்ன பரிமாறுகிறோம்? நுகர்வோர் உதவி எண் 1915 இப்போது கல்லூரிப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

இவ்வளவும் அந்தக் கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் செவ்வாயன்று வசூலுக்குப் போன ஆளோடு நாமும் போனோம். அவர் தலைகுனிந்து கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக, "ஐயா, இங்கே வாடகை என்ன, ஃபிரிட்ஜுக்குக் கரண்ட் பில் என்ன, உங்களுக்கே தெரியும். வெளியூர்க் கூட்டம் சனி, ஞாயிறுதான். பத்துப் பெட்டிக்கு ஒரு பெட்டி இலவசம்னு கம்பெனி தர்றதாச் சொல்றாங்க. எங்க பில்லுல அது ஒருநாளும் வந்ததில்லையே?" என்றார்.

நம்மால் பதில் பேச முடியவில்லை. அந்த இலவசப் பெட்டிகள் நம் கிடங்கிலேயே நின்று நம் கணக்கில் விற்றவை. பல வருடப் பழக்கம். மொத்த வியாபாரத்தில் எல்லாரும் செய்வதுதான் என்று இருந்துவிட்டோம். ஒரு பெட்டியில் பன்னிரண்டு பாட்டில், 20 ரூபாய் வீதம் 240 ரூபாய். அது அவருக்குப் போயிருந்தால் அந்த 10 ரூபாயை வாங்கியிருக்க மாட்டார் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் அவரைக் கண்டிக்கப் போன வாய் மூடிக்கொண்டது. வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தப் பூனையின் நினைவுதான்.

இந்த மாதம் முதல் இலவசச் சரக்கைப் பில்லில் தனி வரியாக எழுதச் சொல்லியிருக்கிறோம். நமது கணக்குப்பிள்ளைக்கு இதில் விருப்பமில்லை. கடைக்காரர் ஃபிரிட்ஜ் கதவில் 20 என்று பெரிதாக எழுதி ஒட்டியிருப்பதாக வசூல் ஆள் வந்து சொன்னார். நாம் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. டிசம்பரில் நாட்டிய விழா பார்க்க அந்த விடுதியிலிருந்து ஐந்து பேர் வருகிறார்களாம். அவர்களில் இருவருக்கு நம் வீட்டு மாடியில் இடம் இருக்கிறது என்று பேரனிடம் சொல்லி அனுப்பியுள்ளோம்.