கெஸ்ட் கெர்னலின் மெமரிச் சிக்கல்: அன்றும் இன்றும்

ஒரு கெர்னலுக்குள் இன்னொரு கெர்னலை ஓட்டுகிறவர்கள் மறக்கக் கூடாத உண்மை ஒன்று உண்டு. உள்ளே ஓடும் கெஸ்ட் கெர்னல் தன்னுடையது என்று நம்பும் ரேம், உண்மையில் வெளியே உள்ள ஹோஸ்ட் கொடுத்த வாக்கு. அந்த வாக்கு பொய்க்கும்போது காரணத்தை எங்கே தேடுவது என்பது இருபது ஆண்டுகளில் வெகுவாக மாறிவிட்டது.

ஜெஃப் டைக் 1999-இல் யூசர் மோட் லினக்ஸை அறிவித்தார். 2002-இல் அது கெர்னலின் 2.5.35 பதிப்பில் சேர்ந்தது. முழு லினக்ஸ் கெர்னலையே சாதாரண புரோகிராம் போல ஓட்ட அது வழி செய்தது. ரூட் அனுமதிகூட வேண்டாம். கெர்னலைக் கற்க விரும்பியவர்களுக்கு அது பெரிய வரம்.

அதில் கெஸ்ட்டின் ரேம் என்பது ஹோஸ்ட்டின் டெம்ப் டைரக்டரியில் உருவாகும் ஒரு ஃபைல். உருவான கையோடு அதன் பெயர் அழிக்கப்படும். கெஸ்ட் ஒரு பக்கத்தைத் தொடும்போதுதான் அதற்கு இடமும் ஒதுங்கும். 512 எம்.பி. ரேம் உள்ள ஹோஸ்ட்டை எடுத்துக்கொள்வோம். அந்த டைரக்டரி ரேமிலேயே இயங்கும் டெம்ப்எஃப்எஸ்ஸில் இருந்தால், அதன் இயல்பான வரம்பு ரேமில் பாதி, அதாவது 256 எம்.பி. அங்கே தலா 192 எம்.பி. கேட்டு இரண்டு கெஸ்ட்களை ஏற்றினால் இரண்டும் ஒழுங்காக பூட் ஆகும், லாகின் கேட்கும். இரண்டிலும் பெரிய கம்பைல் வேலையைத் தொடங்கினால், இடம் தீர்ந்த கணத்தில் ஒன்று "கெர்னல் மோட் சிக்னல் 7" என்று பேனிக் ஆகி விழும். அதற்குச் சற்று முன்புவரை, உள்ளே ஃப்ரீ கட்டளை மெமரி தாராளமாக இருப்பதாகவே காட்டியிருக்கும். வெளியே எல்எஸ் அடித்தால் டைரக்டரி காலி. டிஎஃப் அடித்தால் மட்டும் இடம் குறைந்துகொண்டே போவது தெரியும். கெஸ்ட் விழுந்த பிறகு வந்து பார்த்தாலோ, அது பிடித்திருந்த இடமும் விடுபட்டுத் தடயமே இருக்காது.

இன்று யூசர் மோட் லினக்ஸ் நல்ல நிலையில் இருக்கிறது. 2020-இல் 5.5 பதிப்போடு வந்த கேயூனிட் சோதனைகள் இயல்பாக அதன் மேல்தான் ஓடுகின்றன. தப்பான மெமரி அணுகலைக் கண்டுபிடிக்கும் கேசான் 2022-இல் அதற்கும் வந்தது. ஹோஸ்ட்டின் டெம்ப் பகுதியில் இடம் தீர்ந்திருக்கக்கூடும் என்று கெர்னலே இப்போது எழுதிக் காட்டுகிறது. அந்த ஒரு வரி எத்தனையோ பேரின் இரவுகளை மிச்சப்படுத்தும்.

ஆனால் பெரும்பாலான கெஸ்ட்கள் இன்று ஓடுவது வேறு இடத்தில். 2007-இல் 2.6.20 பதிப்பில், மெய்நிகர் இயந்திரங்களை ஓட்டும் கேவிஎம் சேர்ந்தது. இங்கே கெஸ்ட்டின் ரேம் என்பது ஹோஸ்ட்டில் ஓடும் க்யூஎமு புராசஸின் மெமரி. ஹோஸ்ட்டில் ரேம் தீர்ந்தால் ஓஓஎம் கில்லர் அதிக மெமரி பிடித்த புராசஸைத் தேடிக் கொல்லும். பல நேரம் அது க்யூஎமுதான். கரண்ட் போனது போல கெஸ்ட் நின்றுவிடும். அதன் லாகில் ஒரு வரிகூட இருக்காது. கொல்லப்பட்ட புராசஸின் எண்ணும் அது பிடித்திருந்த மெமரியின் அளவும் ஹோஸ்ட்டின் லாகில் தெளிவாகப் பதிவாகியிருக்கும்.

ஹோஸ்ட்டைக் கையில் வைத்திருப்பவருக்கு இன்று கருவிகளுக்குக் குறைவில்லை. மெமரி நெருக்கடியால் வேலைகள் எவ்வளவு நேரம் தேங்குகின்றன என்பதை அளக்கும் பிஎஸ்ஐ 2018-இல் 4.20 பதிப்பில் வந்தது. கெஸ்ட் விடுவித்த பக்கங்களை ஹோஸ்ட்டுக்குத் தெரிவிக்கும் வசதி 2020-இல் 5.7 பதிப்பில் வந்தது.

மாதக் கட்டணத்துக்கு மெய்நிகர் சர்வர் எடுத்தவரின் நிலை வேறு. யூசர் மோட் லினக்ஸைத் தன் கணினியில் ஓட்டியவருக்குக் கருவிகள் குறைவு என்றாலும் உள்ளும் வெளியும் அவருடையவை. இன்றைய வாடிக்கையாளருக்கு ஹோஸ்ட்டின் கதவு மூடியிருக்கிறது. சிபியூவை ஹோஸ்ட் வேறொருவருக்குக் கொடுத்தால் டாப் கட்டளையில் ஸ்டீல் என்ற கணக்கு அதைச் சொல்லிவிடும். தன் பக்கங்களை ஹோஸ்ட் ஸ்வாப்புக்குத் தள்ளியதா என்பதைச் சொல்ல கெஸ்ட்டுக்குள் அப்படியொரு கணக்கு இல்லை. வேகம் குறைகிறது என்று அவர் தன் அப்ளிகேஷனையே குடைந்துகொண்டிருப்பார்.

காரணம் தெரியாமல் கெஸ்ட் நின்றாலோ தவழ்ந்தாலோ, உள்ளே தேடுவதோடு நிறுத்தாமல், நேரத்தைக் குறித்து, அந்த நிமிடத்தின் ஹோஸ்ட் லாகையும் ஸ்வாப் கணக்கையும் கேட்டு வாங்குங்கள். ரேமுக்குக் காசு வாங்குகிறவர்கள் அந்த ரேம் உண்மையிலேயே கொடுக்கப்பட்டதா என்பதைக் காட்டக் கடமைப்பட்டவர்கள்.